மூன்றாவது ஆணி

ஊரில் எனக்கு மரை கழன்றவள் என்று பெயர்.
ஜீப் ஓட்டுகிறேன், பூண்டு ஏற்றுகிறேன்,
மேலே ஏறும்போது பஸ்காரனுக்கும் ஒதுங்க மாட்டேன்,
அதனால்.
எனக்குக் கழன்றது
பின்சக்கர டிரம்மில் இந்த மூன்றாவது ஆணிக்குக்
கழலவில்லை.

இரண்டு வந்துவிட்டன, கூப்பிட்டதும் வரும் ஆடுகள் போல.
மூன்றாவதின் தலையில் இருந்த கோடு
முதல் திருப்பில் வாய் பிளந்தது,
அடுத்ததில் உதடு உதிர்ந்தது,
அதற்கும் அடுத்ததில்
தேய்ந்துபோன பத்துப் பைசா.

பூம்பாறையில் இரவு எட்டு மணி. தை மாதம்.
ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர்.
விடிவதற்குள் வடுகபட்டியில் இருக்க வேண்டும்
இருபத்திரண்டு மூட்டை.
பிரேக் இல்லாமலும் மலை இறங்கலாம்,
ஒரே ஒரு தடவை.

வேலப்பன் டார்ச் பிடித்தான்.
அவன் பிடித்தால் வெளிச்சம் ஆணியில் விழாது,
அவன் பார்க்கிற இடத்தில் விழும்:
எதிர்வீட்டுச் சன்னல், ஒரு நாய், என் பின்கழுத்து,
மறுபடி நாய்.

மண்ணெண்ணெய் இல்லை. யூகலிப்டஸ் தைலம் இருந்தது.
சளி கட்டிய பிள்ளைக்குப் போல தடவிவிட்டுக்
கால் மணி நேரம் காத்திருந்தோம்.
தெரு முழுக்க மூக்கு திறந்தது.
ஆணி திறக்கவில்லை.

உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துத் தட்டினேன்.
வழுக்கிய சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது.
அப்போது நான் சொன்ன வார்த்தையை
வேலப்பன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

விரலை வாயில் வைத்து உட்கார்ந்தபோதுதான்
ஞாபகம் வந்தது.
இதை இறுக்கியவள் நான்.

போன மாசி, இதே இடம்.
ஃபைனான்ஸ்காரன் பானெட்டில் சாய்ந்து நின்று
நாலு பேர் கேட்கப் பேசிவிட்டுப் போனான்.
அவனுக்கு நான் பதில் பேசவில்லை,
ஆணியிடம் பேசினேன்.
உடம்பு மொத்தத்தையும் சாய்த்து, பல்லைக் கடித்து,
இனி நகராது என்ற பிறகும்
இன்னொரு கால் சுற்று.

அந்தக் கால் சுற்றைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

பத்து மணிக்கு மேல் பிலவேந்திரனை எழுப்பினோம்.
கம்பளிக் குல்லாயும் வெல்டிங் கண்ணாடியுமாக வந்தான்.
தேய்ந்த தலைமேல் ஒரு நட்டை உட்கார வைத்து
அதன் குழிக்குள் ஒரு நட்சத்திரம் கொளுத்தினான்.
"மூஞ்சியத் திருப்பிக்குங்க" என்றான்.
அன்றிரவு முதல் முறையாக
வேலப்பன் ஆணியைப் பார்த்தான்.

சிவப்பு அடங்க ஒரு பீடி நேரம்.
ஸ்பேனரை மாட்டி என்னிடம் கொடுத்தான்.

டக்.

பிசகிய மூட்டு இடத்தில் விழுகிற சத்தம்.
அப்புறம் சும்மா சுற்றிக்கொண்டு வந்தது.
துருத் தூள், கருகிய தைல வாசம்.
பதினோரு மாசக் கோபம்,
கையில் வைக்க முடியாத சூடு.

டிரம்மை உருவியபடி பிலவேந்திரன் சொன்னான்:
"இந்த ஆணிக்கு இங்க வேலையே இல்லக்கா.
டிரம்மப் பிடிக்கிறது சக்கரத்து நட்டு அஞ்சும்தான்.
இது, சக்கரம் மாட்டுற வரைக்கும்
டிரம் கீழ விழாம சும்மா நிக்க.
விரல் இறுக்கு போதும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
லைனிங் மாற்றினோம்.

மூன்றரைக்குப் புறப்பட்டோம், மூன்றாவது ஓட்டை காலியாகவே.
பெருமாள்மலை தாண்டிய முதல் வளைவில் மிதித்தேன்.
கால் சொன்னதைச் சக்கரம் கேட்டது.
கண் எரிகிறது என்று ஈரத்துணி போட்டுக்கொண்டு
பூண்டின் மேல் படுத்திருந்தான் வேலப்பன்.
நட்டோடு ஒட்டிப்போன ஆணி
டாஷ்போர்டில்
இடது வளைவுக்கு வலப்பக்கமும்
வலது வளைவுக்கு இடப்பக்கமுமாக
உருண்டுகொண்டே வந்தது, காட்ரோடு வரை.

புதன்கிழமை தவணை.